அரிசிக்குக் கேட்காத கேள்வி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி முன்பு நான் எழுதிய ஒரு குறிப்பில், அதன் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருப்பது அநியாயம், உயர்த்த வேண்டும் என்று வாதாடியிருந்தேன். 2022-இல் உயர்த்தினார்கள். 1,20,000 ஆனது. சந்தோஷமாகத்தான் இருந்தது. போன வாரம் வேறு எதையோ தேடும்போது அந்தக் குறிப்பு கண்ணில் பட்டது. படித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. வரம்பு எவ்வளவு இருக்கணும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், வரம்பு எதற்கு என்று ஒரு வரி இல்லை. விலைவாசிக் குறியீட்டெண்ணெல்லாம் போட்டு அட்டவணை வேறு.

அந்தக் குறிப்பை இங்கே நானே மறுத்து எழுதுகிறேன். இடையில் என் சித்தப்பாவுக்கு வந்த நெஞ்சுவலி இல்லையென்றால் இந்த மறுப்பும் வந்திருக்காது.

சித்தப்பாவுக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு விசைத்தறி ஊர். சொந்தத் தறி கிடையாது, கூலிக்கு ஓட்டுகிறவர். வாரக் கூலி 2,600 வரும். சின்னம்மா அதே குடோனில் தார் சுற்றுகிறார், அவருக்கு வாரம் 900. நோன்பு நொடி, கரண்ட் இல்லாத நாள், நூல் வராத வாரமெல்லாம் கழித்து வருஷத்துக்கு 48 வாரம் என்று வையுங்கள். 1,68,000 ரூபாய். வரம்பு உயர்ந்த சேதி கேட்டு, ஊரில் முகாம் போட்டபோது சித்தப்பாவும் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷன். கணக்கைப் பார்த்துவிட்டு அவரே சொல்லியிருக்கிறார்: "இதுல ஒண்ணு அறுபத்தெட்டுன்னு போட்டா கார்டு வராதுங்கண்ணா. ஒண்ணுன்னு போட்டுடட்டுங்களா?"

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வாங்கற கூலி ஊருக்கே தெரியுமுங்க. இல்லாததை எதுக்குங்க எழுதணும்?" என்றாராம். உள்ளதை உள்ளபடி எழுதிச் சான்று வந்தது. அட்டை வரவில்லை. அதோடு அந்த விஷயத்தை மறந்தும் போனார்.

2023-இல் ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 108 வந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஈசிஜி எடுத்தார்கள், ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேர் என்ன, வயசு என்ன, எப்போதிருந்து வலி என்று கேட்டதோடு சரி. உயிர் நின்றது அங்கேதான். இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் இது வேண்டும்.

அடுத்தது ஆஞ்சியோ. அங்கே அந்த வசதி இல்லை. பெரிய அரசு மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள். பயந்துபோன சனம் எது பக்கமோ அதைத்தானே பார்க்கும்? தனியாருக்குப் போனோம். அங்கே முதல் கேள்வி: "கார்டு இருக்குங்களா?"

இல்லை. சரி, வருமானச் சான்று இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் உடனே வாங்கிவிடலாம், நோயாளி படுத்திருக்கிறார் என்று சொன்னால் அன்றைக்கே கிடைக்கும் என்றார்கள். நான் கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய சான்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. "ஆறு மாசத்துல வருமானம் அறுபத்தெட்டாயிரம் எப்படிங்க தம்பி கொறயும்? மேல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. ரெண்டு நாள் அலைந்தேன். கடைசியில் சின்னம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு ஸ்டென்ட்டுக்கும் சேர்த்து 1,55,000 கட்டினோம். ஒரு வருஷக் கூலி கிட்டத்தட்ட அப்படியே.

பக்கத்து வார்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். ஆறு தறி சொந்தமாக ஓடுகிறது. அவரிடம் கார்டு இருந்தது, காசு கட்டாமல் வீட்டுக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் நெஞ்சுவலிதான், அவர் சான்றிலும் யாரோ ஒருவர் "ஒண்ணு" என்று போட்டுக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குத் தோன்றியது வேறு. இந்தத் திட்டம் எங்கள் ஊரில் எதை அளந்தது? வருமானத்தையா? ஆறு தறிக்காரரை உள்ளே விட்டுக் கூலிக்காரரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்றால், அது அளந்தது பொய் சொல்லக் கூசாத மனசைத்தான்.

சொந்தக் கதை போதும். விதிமுறைகளுக்கு வருகிறேன்.

1,20,000 என்பது குடும்ப வருமானம், ஆள் வருமானம் இல்லை. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 329 ரூபாய் வருகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாள் கூலி 336. அதாவது கிராமத்திலேயே ஆகக் குறைந்த கூலி என்று நாம் நினைக்கிற அந்தக் கூலி, வீட்டில் ஒரே ஒருவருக்கு வருஷம் முழுக்கக் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். கொத்தனாரும் சித்தாளுமாக வேலைக்குப் போகிற ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 900, அவருக்கு 500, வருஷத்தில் 150 நாள்தான் வேலை. 2,10,000 ஆகிவிடுகிறது. இவர்கள் விதிப்படி தகுதியற்றவர்கள். நடைமுறையில் இவர்களில் பெரும்பாலோரிடம் அட்டை இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சான்று கொடுக்கிறவருக்கும் தெரியும்.

சம்பளப் பட்டியல் இல்லாத நாட்டில் வருமானத்தைச் சான்றளிக்கிற வேலை இது. மாசச் சம்பளக்காரருக்குச் சீட்டு இருக்கிறது. தறிக்காரருக்கு, கீரைக்காரருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு என்ன இருக்கிறது? அலுவலர் முகத்தைப் பார்க்கிறார், வீட்டைப் பார்க்கிறார், ஊரில் நாலு பேரைக் கேட்கிறார், ஒரு எண்ணை எழுதுகிறார். அந்த எண் எப்போதும் வரம்புக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். வரம்பு 72,000-ஆக இருந்த காலத்தில் சான்றுகளில் 60,000, 72,000 என்று இருக்கும். இப்போது ஒரு லட்சம். வருமானம் கூடியதால் எண் கூடவில்லை, வரம்பு கூடியதால் கூடியது! வருமானம் இருக்கிற இடத்துக்குச் சான்று போக வேண்டும், இங்கே வரம்பு இருக்கிற இடத்துக்கு வருகிறது.

சரி, எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லையே, விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாருக்கு நஷ்டம் என்று பார்ப்போம். அலுவலரைத் தெரியாதவருக்கு நஷ்டம். வேறு ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவருக்கு நஷ்டம். கணவனை விட்டுப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் பெரிய நஷ்டம், ஏனென்றால் இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள். அவள் பெயர் இன்னும் அந்த வீட்டு அட்டையில்தான் இருக்கும். பெயரை நீக்கி வா என்று அவளைத் திரும்ப அந்த வாசலுக்கே அனுப்புவார்கள். மகன் அட்டையில் பெயர் இருக்கிற, ஆனால் மகன் திரும்பிப் பார்க்காத கிழவிக்கும் இதே கதைதான். பிள்ளைகள் 25 வயது வரை, அல்லது வேலையோ கல்யாணமோ ஆகும் வரை என்று ஒரு விதி. கல்யாணமாகாமல் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் 40 வயது மகள் யார் கணக்கு? பொய் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அதை வாங்கச் செல்வாக்கு கொஞ்சம் வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமலில்லை. அதனால்தான் சிலருக்கு வரம்பே இல்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அப்படியே. இது நல்ல விஷயம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விலக்குகளின் பட்டியல் நீள நீள விதியின் பலவீனமும் தெரிகிறது.

இப்போது இன்னொரு வேடிக்கை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு வருமான வரம்பு 2,50,000. அதற்கு வருமானச் சான்றும் கேட்கவில்லை, விண்ணப்பத்தில் நீங்களே சொன்னால் போதும் என்றார்கள். என் சின்னம்மாவுக்கு அது வருகிறது. அதாவது ஒரே அரசு, ஒரே குடும்பம். மாசம் 1,000 ரூபாய் கொடுக்கும்போது "நீ ஏழை" என்கிறது. 1,55,000 ரூபாய் செலவாகும் நேரத்தில் "நீ ஏழை இல்லை" என்கிறது. டெல்லிக்குப் போனால் பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவு என்று 2019-இல் ஒரு இட ஒதுக்கீடு வந்ததே, அதற்கு வரம்பு எட்டு லட்சம். 1.2, 2.5, 8. மூன்று எண்ணில் எது வறுமை? மூன்றுமே இல்லை என்பதுதான் என் பதில். கையில் இருக்கிற பணத்துக்கும் கொடுக்க நினைக்கிற ஆட்களுக்கும் ஏற்ப வரைந்த கோடுகள் அவை. கோடு போட்ட பிறகு அதற்குள் வந்தவர்களுக்குத் "தகுதியுள்ள பயனாளி" என்று பேர் வைக்கிறோம். தமிழில் தகுதி என்ற சொல்லுக்கு யோக்கியதை என்ற பொருளும் உண்டு. "உங்களுக்குத் தகுதி இல்லீங்க" என்று கவுண்டரில் சொன்னபோது சின்னம்மா முகம் போன போக்கு எனக்கு மறக்காது. அந்தப் பெண் சொன்னது விதி. இவர் காதில் விழுந்தது வேறு.

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது, வருமானச் சான்று என்ற இந்தத் தொல்லையே வேண்டாம், நாங்கள் அறிவியல் முறையில் ஏழைகளைக் கண்டுபிடிப்போம் என்றார்கள். 2011-இன் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கெடுப்பில் கிராமத்துக் குடும்பங்களைத் தானாகவே நீக்கிவிடும் 14 அடையாளங்கள் இருந்தன. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி அதில் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி ஒன்று. லேண்ட்லைன் போன் ஒன்று. டிவிஎஸ் 50-இல் ரெண்டு பக்கமும் மூட்டை கட்டிக் கீரை விற்கிறவர் அந்த வண்டியாலேயே வெளியே போய்விடுவார். அதோடு 2011-இல் எடுத்த பட்டியல் 2018-இல் திட்டமாகிறது. நடுவில் ஏழு வருஷம். பிறந்தது, செத்தது, கல்யாணமாகி வந்தது, தொழில் நொடித்தது எதுவும் அதில் இல்லை. தமிழ்நாடு தன் பட்டியலோடு அதை இணைத்துக்கொண்டு ஓட்டியதால் இங்கே அடி அவ்வளவாகத் தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் இந்த ஆயுஷ்மான் பாரத் குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. பத்திரிகைகள் எல்லாம் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டன: 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் சுமார் ஏழரை லட்சம் பயனாளிகள். தமிழ்நாட்டில் ஓய்வூதியர்கள் பட்டியலில் இருந்ததையும் அறிக்கை எடுத்துக் காட்டியது. அந்த வாரம் டீக்கடை வரைக்கும் இதுதான் பேச்சு. தகுதியில்லாதவன் எப்படி உள்ளே வந்தான்?

தணிக்கையாளர் வேலை அது, அவர் செய்தார். என் விமர்சனம் அந்த அறிக்கையை நாம் படித்த விதத்தின் மேல். ஜியோவானி ஆண்ட்ரியா கோர்னியாவும் ஃப்ரான்ஸஸ் ஸ்டூவர்ட்டும் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. இலக்கு வைத்துக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இரண்டு பிழைகள் வரும் என்பார்கள் அதில். சேரக்கூடாதவரைச் சேர்ப்பது ஒன்று, சேர வேண்டியவரை விடுவது இன்னொன்று. முதலாவதைக் குறைக்கக் குறைக்க இரண்டாவது கூடும். உணவு மானியங்களை வைத்து எழுதிய கட்டுரைதான், ஆனால் மருத்துவத்துக்கு இன்னும் பொருந்துகிறது. முதல் பிழைக்கு ஆவணம் இருக்கிறது. பில் இருக்கிறது, எண் இருக்கிறது, தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது பிழைக்கு ஆவணமே கிடையாது. என் சித்தப்பா எந்தக் கோப்பிலும் இல்லை. காசு கட்டினார், ரசீது வாங்கினார், வீட்டுக்கு வந்தார். அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஒரு வெற்றிகரமான சிக்கனம். பாதி வழியிலேயே "காசில்லை, வேண்டாம், வீட்டுக்குப் போலாம்" என்று திரும்பியவர்களுக்கு அந்த ரசீதும் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது திரும்பத் திரும்ப எனக்கு ரேஷன் கடைதான் ஞாபகம் வருகிறது.

1997-இல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. பல மாநிலங்கள் பிரித்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லாருக்கும் அட்டை, எல்லாருக்கும் கடை என்பதில் நின்றது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2016 நவம்பரில் இங்கே அது நடைமுறைக்கு வந்தபோதும் அனைவருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. ரெண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் இது, யாரும் கை வைக்கவில்லை. அப்போது இங்கே சொல்லப்பட்ட வாதம் என்ன? ஏழை யாரென்று கண்டுபிடிக்கப் போனால் ஏழைதான் முதலில் விடுபடுவான். பணக்காரனுக்கு வேண்டாமென்றால் அவன் வாங்க மாட்டான். அதற்கு வழியும் வைத்தார்கள்: அரிசி வேண்டாமா, சர்க்கரை அட்டை வாங்கிக்கோ. எதுவுமே வேண்டாமா, வெறும் அடையாளத்துக்கு ஓர் அட்டை வைத்துக்கோ. பிரிப்பது அலுவலர் கையில் இல்லை, வாங்குகிறவர் கையில் இருந்தது.

இருபது கிலோ அரிசிக்கு இந்த ஞானம் இருந்த நமக்கு இதய அறுவை சிகிச்சைக்கு ஏன் இல்லாமல் போனது? நான் யோசித்து வந்த பதில் இது. ரேஷன் கடையும் அரசு மருத்துவமனையும் ஒரு வகை. கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வருகிறவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்க இன்றைக்கும் யாரும் வருமானம் கேட்பதில்லை. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்து மருந்தை மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுத்தபோதும் யாருக்குத் தகுதி என்று பட்டியல் போடவில்லை. காய்ச்சல்தான் தகுதி. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக இது தொடங்கியபோதுதான் நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனி வந்தது. கம்பெனிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிமியம் கட்ட வேண்டும். அப்படியென்றால் எத்தனை குடும்பம் என்று முன்கூட்டியே எண்ணித் தர வேண்டும். பட்டியல் வந்தது, பட்டியலுக்குக் கோடு வந்தது, 72,000 வந்தது. 2012 ஜனவரியில் ஆட்சி மாறி, பேர் மாறி, தொகை மாறி வந்தபோதும் அந்தக் கோடு மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது, 2022 வரைக்கும்.

அரசே கோடு போடாத இடங்களும் இருக்கின்றன என்பதுதான் எரிச்சல். 108-க்கு வரம்பில்லை. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி. காப்பீட்டு அட்டை வேண்டாம், எந்த மாநிலத்துக்காரர் என்று பார்க்க வேண்டாம், எந்த நாட்டுக்காரர் என்றுகூடப் பார்க்க வேண்டாம். காரில் மோதியவர் கோடீஸ்வரராக இருந்தாலும் செல்லும். இதை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ரோட்டில் ரத்தம் கொட்டினால் கேட்காத கேள்வியை, நெஞ்சுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் கேட்கிறோம்.

எதிர்வாதத்துக்கு வருகிறேன். நான் மதிக்கிற ஒரு பேராசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "ரேஷன் கடையில பணக்காரன் வரிசையில நிக்க மாட்டான்யா, அதனால அது ஓடுது. தனியார் ஆஸ்பத்திரிக்கு வர அவனுக்கு என்ன கசக்குதா?" என்றார். நியாயமான கேள்வி. ரெண்டு நாள் பதில் இல்லாமல்தான் திரிந்தேன். திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள், பொது வார்டுதான். தனி அறையும் தான் தேர்ந்தெடுத்த டாக்டரும் வேண்டும் என்பவர் இதற்குள் வர மாட்டார். ஆனாலும் கொஞ்சம் பேர் வருவார்கள், ஒத்துக்கொள்கிறேன். வரட்டும். அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்தேன்.

2022-இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது குடும்பத்துக்கு ஆண்டுப் பிரிமியம் 849 ரூபாய். உள்ளே இருப்பது 1.37 கோடிக் குடும்பம். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் சுமார் 2.2 கோடி. மிச்சம் சுமார் 83 லட்சம். இத்தனை பேரையும் அதே விலைக்கு உள்ளே எடுத்தால் ஏறக்குறைய 705 கோடி. உண்மையில் அவ்வளவு ஆகாது, அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, ஈஎஸ்ஐ இருக்கிறது, பலர் சொந்தமாகக் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். பிரிமியம் கூடும் என்று வைத்துக்கொண்டு இருமடங்கே போடுங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. 705 கோடி அதில் நூற்றுக்கு மூன்றேகால் பங்கு. தகுதி பார்க்கிற வேலைக்கும் சான்று அச்சடிக்கிற வேலைக்கும் ஓடுகிற வருவாய்த் துறையின் உழைப்பை யாரும் இதில் கழித்ததில்லை.

முழுக்க இலவசம் உறுத்துகிறது என்றால் ராஜஸ்தான் 2021-இல் சிரஞ்சீவித் திட்டத்தில் செய்ததைப் பார்க்கலாம். இலவசப் பட்டியலில் இல்லாத குடும்பமும் வருஷத்துக்கு 850 ரூபாய் கட்டினால் சேரலாம் என்றார்கள். 850! என் சித்தப்பா அதை ஒரு வாரக் கூலியிலேயே கட்டியிருப்பார், யாரிடமும் பொய் சொல்லாமல். அங்கே வேறு குறைகள் இருந்தன, அது வேறு கட்டுரை. ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு கதவு இருந்தது. ஒன்றிய அரசும் 2024 அக்டோபரில் 70 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் வரை காப்பீட்டைத் தொடங்கியது. வயசைப் பொய்யாகச் சொல்வது வருமானத்தைப் பொய்யாகச் சொல்வதைவிடக் கஷ்டம், அந்த அளவில் அது நேர்மையான கோடு.

ஒன்று கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அட்டை படுக்கையில் படுத்தால்தான் உதவும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் வாங்குகிற மாத்திரை அதில் வராது, அது ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். போகிற பணத்தில் பெரும் பங்கு தனியாருக்குப் போகிறது என்பதும் பழைய விமர்சனம், நானும் அந்தக் கட்சிதான். எனக்கு அதைவிடக் கவலை வேறொன்றில். இப்போது அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறுகின்றன. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகிறார்கள், பணியாளர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதனாலேயே இலவச வார்டில் படுத்திருப்பவரிடமும் இப்போது "காப்பீட்டு அட்டை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புவதில்லை. சிகிச்சை நடக்கிறது. இருந்தாலும் கேள்வி உள்ளே வந்துவிட்டது. எதுவும் கேட்காமல் ஊசி போட்டார்களே அந்த ராத்திரி, அந்த வாசலுக்குள்ளும் வந்துவிட்டது. அட்டை வைத்திருப்பவரால் வார்டுக்கு வரவு, இல்லாதவரால் செலவு என்றான பிறகு இருவரையும் ஒரே மாதிரி பார்ப்பது மனுஷத்தன்மையை நம்பித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இதுவரை நடக்கிறது.

என் பழைய குறிப்பில் வரம்பை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்று முடித்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு லட்சமாக்கினால் சான்றுகளில் 1,80,000 என்று எழுதுவார்கள், அவ்வளவே. குடும்ப அட்டை இருந்தால் சிகிச்சை உண்டு என்று ஒரே வரியில் முடிக்கக்கூடிய விஷயம் இது. அட்டை இல்லாதவருக்கு ஆதார், அதுவும் இல்லாதவருக்கு முதலில் சிகிச்சை, அப்புறம் அட்டை. விபத்துக்கு இப்படித்தானே செய்கிறோம்?

சித்தப்பா தேறிவிட்டார். தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் இப்போது ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறார். கூலி பாதியாகிவிட்டது. சின்னம்மா கூலியையும் சேர்த்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் போகாது. இப்போது உண்மையிலேயே வரம்புக்குக் கீழே வந்துவிட்டார். போன மாசம் புதுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் மாறிவிட்டார், புதியவர் இளவயசுப் பையன். பழைய சான்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துல இவ்வளவு கொறஞ்சிருக்கே, விசாரிச்சுத்தான் போடணுமுங்க" என்று சொல்லியிருக்கிறார். விசாரணைக்கு இன்னும் ஆள் வரவில்லை.